தீக்குச்சி செருக வேண்டாம்

பினாங்கு
12-6-1938

அன்புள்ள அப்பாவுக்கு மகன் திருப்பதி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

நம் தையல் கடைக்கென்று நம்மூர் மூக்கனிடம் கொடுத்தனுப்பிய கரண்டு இஸ்திரிப் பெட்டியைச் சுவரில் மாட்டிவிடாதீர்கள். அது கப்பலிலிருந்து கழித்த பழைய சாமான், கப்பலின் 110 வோல்ட்டுக்குச் செய்தது. புதுக்கோட்டைக் கரண்டு 230. பிளக்கும் பொருந்தாது. உடனே கம்பியைச் சீவித் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவீர்கள், எனக்குத் தெரியும். இங்கும் 230தான்; அதன் ஜோடிப் பெட்டியை நேற்று நானும் அப்படித்தான் செருகினேன். "கைய எடுடா!" என்று கூட வேலை பார்க்கும் நாகராசு கத்துவதற்குள் வெடித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

மூக்கன் போன வாரமே கப்பலேறிவிட்டான். பொன்னமராவதியில் மாமனார் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுத்தான் வருவான். அதற்குள் இது வந்துசேர வேண்டும்.

ஆத்தாவிடம் கேட்டு உப்பு நாரத்தங்காய் அனுப்புங்கள். கரண்டியால் அள்ளித் தின்றால் சோறு இறங்கவில்லை.

தபால் மூட்டை கட்டுகிறார்கள். எழுத்து கோணலென்று ஆத்தா கேட்டால், அவசரத்தில் எழுதினானென்று சொல்லுங்கள். இடது கை என்று சொல்லிவிடாதீர்கள்.

திருப்பதி