நீ நிறுத்திவிட்டுப் போன கட்டம்

இன்று மதிய ஷிப்டுக்கு வந்து ஸ்டாக் ஃபைலைத் திறந்தேன். பச்சைக் கோடு சுற்றிய கட்டம், நான் ஆரம்பிக்க வேண்டிய வரியிலேயே நின்றது. நீ போன பிறகு இப்படி நின்றதே இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு நாம் இரண்டு பேர். காலை நீ, மதியம் நான். நீ எழுந்து நாற்காலி முதுகில் தொங்கும் உன் பையை எடுக்க, நான் உட்காரும் அந்த நேரம்தான் பேசக் கிடைக்கும். சேமிக்கும்போது கர்சர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அடுத்தவருக்கும் ஃபைல் அங்கேதான் திறக்கும். அதைக் கவனித்தவள் நீ. முதல் வாரம் கர்சரை எங்கோ விட்டுப்போய் உன்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அட்ரஸ் தெரியாத ஊட்டாண்ட எறக்கி உட்ட மாதிரி கீதுடி. அடுத்து வர்றவ எங்க ஆரம்பிக்கணுமோ, அங்க நிக்க வெச்சிட்டுப் போ."

அப்புறம் அதுவே நம் பழக்கமானது. சில நாள் அந்தக் கட்டத்தில் 'சாப்ட்டியா' என்று அடித்து வைத்திருப்பாய். நான் அதை அழித்துவிட்டு எண்ணைப் போடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்காக எஃப் 46 என்ற கட்டத்தில் நிறுத்திவிட்டு ரயிலுக்கு ஓடினாய். நெமிலிச்சேரியில் இறங்கியவள் ஸ்டேஷன் படியிலேயே சாய்ந்துவிட்டாயாம், பிறகு எழவே இல்லையாம். போன் வந்தது. நான் அழவில்லை. மிச்ச வேலையை முடித்தேன். ஃபைலை மூடும்முன் கர்சரை மேலே கொண்டுபோய், எஃப் 46-இல் நிறுத்திச் சேமித்தேன். அதன்பின் தினமும் அப்படித்தான் செய்தேன். நீ கடைசியாக நின்ற இடம் கலைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உன் இடத்துக்குச் சேக்காட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பாவம், தினமும் காலையில் தன் வரியைத் தேடி அலைந்திருக்கிறாள். போன வாரம் கேட்டே விட்டாள்.

"அக்கா, தெறந்தா எப்பவும் மேலயே நிக்குது. நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

நீ இருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாய்.

நேற்று அவளுடைய வரியில் நிறுத்திச் சேமித்தேன். எஃப் 46 திரைக்கு மேலே எங்கோ போய்விட்டது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்று அவள் எனக்காக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டத்தைப் பார்த்ததும், நாற்காலி முதுகில் உன் பை தொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.