பாட்டின் மிச்சம்

டார்னெய்ட்,
20 யூன் 2024

அன்பின் ராஜேசுக்கு,

நான் நலம். நீரும் உமது தங்கை கலாவும் நலமென்று நம்புகிறேன். போனை எடுக்கிறீர் இல்லை. "வாயால கதைச்சால் அப்பா சத்தம் போடுவார், எழுதச் சொல்லு" என்று நீர் சொன்னதாக மகன் அனோஜன் சொன்னான். சரி, எழுதுகிறேன். பஸ் ஓட்டுகிறவனின் கையெழுத்து, பொறுத்துக்கொள்ளும்.

நீர் சிட்னிக்குப் போய்ப் பத்து நாளாகிவிட்டது. கேட்கிறவர்களுக்கு, "கலாவுக்குச் சுகமில்லை, பார்க்கப் போயிருக்கிறா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். கலா மன்னிக்கட்டும்.

நடந்ததற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பக்கத்தையும் பாரும். கடலோரத்தில் ஐரிஷ், ஸ்கொட்லாந்து ஆட்களின் கெல்ரிக் விழா, பாட்டும் ஆட்டமும் என்று நீர் ஆசைப்பட்டீர். நான்தானே கூட்டிக்கொண்டு போனேன்? உம்மை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடி முக்கால் மணித்தியாலம் சுற்றினேன். அந்தக் கடற்காற்றில் வரிசையில் நின்று உமக்குச் சுடச்சுட சிப்ஸ் வாங்கினேன். உள்ளே வந்து பார்த்தால், நீர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறீர். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் உமது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எந்தப் புருசன் பொறுப்பான்? சத்தம் போட்டது பிழைதான். வாரும், பேசித் தீர்ப்போம்.

குசினியில் கறித்தூள் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
நித்தி


பரமட்டா,
சிட்னி,
2 யூலை 2024

அனோஜனின் அப்பாவுக்கு,

கலா நலமாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு நோய் வைக்க வேண்டாம். கறித்தூள் மேல் தட்டில், நீலத் தகரப் பேணியில் இருக்கிறது.

நடந்ததை உங்கள் வசதிக்கு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சத்தம் மட்டுமா போட்டீர்கள்? "கையை விடடா!" என்று கத்தி, என் தோளைப் பிடித்து இழுத்து, ஐம்பது பேருக்கு நடுவால் வெளியே கொண்டுபோனீர்கள். சிப்ஸ் எல்லாம் நிலத்தில். வயதான ஒரு அம்மா குனிந்து அதைப் பொறுக்கினா. அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வருகிறது.

அந்த அறையில் யாரும் தங்கள் பாஷையில் பாடலாம் என்றார்கள். முதியோர் இல்ல வேலையில் அவர்களைக் குளிப்பாட்டும்போது முணுமுணுப்பதைத் தவிர, வீட்டுக்கு வெளியே நான் இந்த நாட்டில் பாடியதே இல்லை. அனோஜன் குழந்தையாக இருந்தபோது நானே கட்டிய தாலாட்டைத் தொடங்கினேன். இரண்டாம் அடியில் குரல் நடுங்கிவிட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். என் கையைப் பிடித்து, ஆட்டுக்கல் சுற்றுவது போல மெல்லச் சுற்றினார். பாடுகிறவர் தளர்ந்தால் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். என் குரல் திரும்பி வந்தது. அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

இராஜேஸ்வரி


டார்னெய்ட்,
9 யூலை 2024

அன்பின் ராஜேசுக்கு,

உமது கடிதம் கண்டேன். அனோஜன் கணினியில் தேடிக் காட்டினான். நீர் எழுதியது உண்மைதான். பழைய ஐரிஷ் பாடகர்கள் பாடும்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் சுற்றுகிறார். ஆணுக்கு ஆணும் அப்படிச் செய்கிறார்கள். அனோஜன் கணினியை மூடிவிட்டு எழுந்து போனான். அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அது அவர்களுடைய வழக்கம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். மன்னித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு ரிக்கற் போடட்டுமா?

நித்தி


பரமட்டா,
16 யூலை 2024

அனோஜனின் அப்பாவுக்கு,

அது வழக்கம் என்று தெரிந்ததால் மன்னிப்புக் கேட்கிறீர்கள். வழக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை; நான் நடுங்குவதைப் பார்த்து ஒருவர் சும்மா என் கையைப் பிடித்தார் என்று வையுங்கள். அப்போது என்னை இழுத்துக்கொண்டு போனது சரியாகிவிடுமா?

இதற்குப் பதில் தெரியும்வரை எழுத வேண்டாம். ரிக்கற்றும் போட வேண்டாம். எனக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது.

இராஜேஸ்வரி


டார்னெய்ட்,
10 யூன் 2025

அன்பின் ராஜேசுக்கு,

பதினொரு மாதமாக எழுதவில்லை. பதில் தெரியாமல் இல்லை. எழுத வெட்கமாக இருந்தது. சரியாகாது, ராஜேஸ். வழக்கமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகாது. பஸ்ஸில் மறந்துவிட்ட பையை எடுத்துக்கொண்டு போவது மாதிரி உம்மைக் கொண்டுபோனேன்.

கேட்கிறவர்களுக்கு இப்போது உண்மையைத்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டு விக்னராஜா அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை அந்த விழாவுக்குத் தனியாகப் போனேன். அந்த அறை வாசலைத் தாண்டிப் போனேன். கடற்கரைவரை நடந்துபோய், திரும்பி வந்து உள்ளே போனேன். அதே கதிரையில் அதே மனிதர். பெயர் ஜெரி. என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். மன்னிப்பை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் குரல் போய்விட்டது. அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். சுற்றினார், ராஜேஸ். நான் பாடவில்லை, மன்னிப்புத்தானே கேட்டேன்? அதற்கும் சுற்றினார். அழுதுகொண்டே வாசித்து முடித்தேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "உங்கள் மனைவியின் பாட்டு பாதியில் நின்றதே, அதன் மிச்சம் என்ன?" என்றார். அறை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியவில்லை. நீர் அனோஜனுக்கு அதைப் பாடிய காலத்தில், "சத்தம் போடாதையும், விடிய நாலு மணிக்கு பஸ் எடுக்கவேணும்" என்று அடுத்த அறையில் இருந்து கத்துவேன். ஒவ்வொரு நாளும் இரண்டாம் அடியிலேயே நிறுத்தியவன் நான்தான். "தெரியாது" என்று சொன்னேன். அன்று உம்மை இழுத்துக்கொண்டு போனதைவிட அந்த ஒரு சொல்லுக்குத்தான் கூடுதலாக வெட்கப்பட்டேன்.

வரச் சொல்லி இதை எழுதவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

நித்தியானந்தன்


பரமட்டா,
24 யூன் 2025

அன்பின் அனோஜனின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கலாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

மிச்சத்தை எழுதி அனுப்பலாமென்று பேனையை எடுத்தேன். எழுதிப் பார்த்தால் அது பாட்டாக இல்லை. பாடத்தான் வேண்டும்.

அடுத்த வருட விழாவுக்கு வருகிறேன். டார்னெய்ட் வீட்டுக்கு இல்லை, பாட்டுக்கு மட்டும். கலாவோடு வந்து கலாவோடு திரும்புவேன். ஜெரிக்குப் பக்கத்தில் இருப்பேன். எனக்கு மற்றப் பக்கத்தில் ஒரு கதிரை உங்களுக்கு வைத்திருப்பேன். காரை எங்காவது தூரத்தில் விட்டுவிட்டு நேரத்தோடு வாருங்கள். சிப்ஸ் வேண்டாம்.

பாட்டு முடியும்வரை பேசாமல் இருங்கோ.

ராஜேஸ்