தட்சிணகாளியில் நான் போட்ட குலவை

அன்பு மகள் உமாராணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை, அதைத்தான் காட்மாண்டுவில் வைத்தே வீடியோ காலில் பார்த்துவிட்டேனே. போனில் பேசினால் உன் புருஷன், அந்தப் பாவி, பக்கத்தில் நின்று கேட்பான், மெசேஜ் போட்டால் எடுத்துப் படிப்பான், அதனால்தான் நீ இருக்கிற மஸ்கட்டுக்கே வேலைக்குத் திரும்புகிற சாகுபுரம் ஜெபிஷா நர்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நம் புதுக்கோட்டையிலிருந்து டூரில் வந்த எல்லாருக்கும் அந்த ஊர் பிடித்துப்போயிற்று. பழைய ராஜாக்களின் அரண்மனை, செங்கலும் மரமுமாகக் கோவில்கள், ஜன்னலுக்கு ஜன்னல் அப்படி ஒரு மரவேலை, எங்கே பார்த்தாலும் புறா. அரண்மனை முன்னால் திறந்தவெளியில் ஆள் உயரத்துக்கும் மேலே கறுப்பாக ஒரு காலபைரவர், காலடியில் ஒருத்தனைப் போட்டு மிதித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலத்தில் இவர் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்குவார்களாம், பொய் சொன்னவன் ரத்தம் கக்கிச் சாவானாம் என்று கைடு சொன்னான். உனக்குக் காட்ட வேண்டுமே என்று அவர் முன்னால் நின்றுதான் வீடியோ கால் போட்டேன். உன் துப்பட்டா நழுவியது, கழுத்தெல்லாம் நீலம். கேட்டதற்கு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா என்றாய். ஏளா, வழுக்கி விழுந்தா கழுத்துல விரல் விரலாவா பதியும்? ரத்தம் கக்க வேண்டியவன் உன் பக்கத்திலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நல்லா இருக்கியா என்று கேட்டேன், நீ தலையை ஆட்டினாய். அதான் தலைய ஆட்டிட்டால்லா, விடு, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் என்று அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ஊருக்கு வெளியே தட்சிணகாளி கோவில். ஆடும் சேவலுமாக நீள வரிசை. நம் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவில் செய்வதைப் போலவே அங்கேயும் ஆட்டின் தலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள், அது உடம்பைச் சிலுப்பினால் வெட்டுக்குச் சம்மதம் என்று அர்த்தம். ஒரு கறுப்புக் கிடா எவ்வளவு தெளித்தும் அசையவில்லை. இனி இதை விட்டுவிடுவார்கள் என்று கைடு சொன்னான், அதைக் கொண்டுவந்த பெண்கூடச் சிரித்துக்கொண்டே கையைத் தட்டினாள். எனக்கு என்ன கேடு வந்ததோ, கொடையில் நின்ற பழக்கத்தில் வாயைத் திறந்து குலவை போட்டுவிட்டேன். அங்கே யாரும் கேட்டிராத சத்தம். ஆடு வெருண்டு உடம்பெல்லாம் சிலுப்பியது, உடனே கத்தி இறங்கிவிட்டது. ரத்தம் என் சேலை வரைக்கும் பீச்சியது. பாத்தியா, உத்தரவு குடுத்துட்டு என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆங்காரம், டூர் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். பயத்துல உடம்பு நடுங்குனா அது சம்மதமா, நேத்து ஒங்க மவ தலைய ஆட்டுனதும் இப்படித்தான என்று கத்தினேன். கூட வந்திருந்த முத்துக்கனி மதினிதான் என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் சேலையை அலசிவிட்டாள்.

கோரக்பூரில் ரயில் கிளம்பியதும் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊர் வந்ததும் வராததுமாக அவரே எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டுக்கும் அலைந்தார். விசாவும் வந்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை அங்கே வருகிறோம், உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவோம். உன் பாஸ்போர்ட் கைக்கு எட்டினால் எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு வை, அவன் பூட்டி வைத்திருந்தால் ஜெபிஷாவிடம் சொல், தூதரகத்துக்கு அவள் வழி காட்டுவாள். நகை நட்டெல்லாம் கிடந்துவிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் அவனை எதிர்த்துப் பேசாதே, பெற்றவளே இப்படி எழுத வேண்டியிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. ஊர் என்ன சொல்லும் என்று நீ யோசிக்காதே, ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முத்தாரம்மன் உன் கூடவே இருப்பாள், நீ நூறு வயசு நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை பெல் அடித்தால் நீயே வந்து கதவைத் திற. அவன் திறந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
முருகேஸ்வரி