பார்சலில் வராத கோட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டோம், அந்தக் கால் வலியும் கடை கடையாக நடந்து சம்பாதித்தது என்பதால் அதைக் குறையில் சேர்க்க வேண்டாம். நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் போதாதா என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் அப்பா பிடுங்கிக்கொண்டு அங்கே மழையா வெயிலா என்று விசாரிக்கப் போய்விடுகிறார், அதனால்தான் பார்சலோடு சேர்த்துக் கடிதமும் வருகிறது.

வெளிநாடு சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நீ டிக்கெட் போட்டு அனுப்பிய நாலு நாளும் நான் அடுப்பைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையடி. ஓட்டலில் காலையில் கீழே இறங்கினால் நீள மேசை நிறையச் சாப்பாடு. முதல் நாள் நான் கூச்சப்பட்டுக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பக்கத்து மேசை அம்மாள் கை ஜாடை காட்டினாள், அதற்குப் பிறகு நான் கூச்சப்படவில்லை. உன் அப்பாதான் முதல் இரண்டு நாளும் ரொட்டியும் வாழைப்பழமுமாக விரதம் இருந்தார், தெரியாததை வாயில் வைக்க மாட்டாராம். மூன்றாம் நாள் தெருமுனை வண்டியில் நான் சூப்பு வாங்கிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி கேட்டார். அன்று மட்டும் மூன்று தடவை போனதில், அந்த வண்டிக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே இரண்டு கிண்ணம் எடுத்து வைக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. ஊர் திரும்பும் அன்று காலையிலும் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் விமானத்துக்குக் கிளம்பினார்.

நம் ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு கூத்து நடந்தது, அதை விட்டுவிட்டேன். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பாரே, அந்தக் கத்தரி, அதோடு விமான நிலையத்துக்கு வந்துவிட்டார். சோதனை செய்த பெண் அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டாள். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறேன், ஒரு சீட்டு எழுதிக் கொடு என்று இவர் அவளிடம் மல்லுக்கு நிற்கிறார். பின்னால் வரிசையே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கத்தரி போன துக்கத்தில் விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

கடைவீதியைப் பற்றிக் கேட்காதே. அவ்வளவு பெரிய கடைகளுக்குப் போய்த் துணியின் உள்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்த ஆள் உன் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். எடுப்பது, திருப்புவது, தையலைப் பார்ப்பது, உச்சுக் கொட்டுவது. ஒரு கடையில் விற்கும் பெண் சந்தேகப்பட்டு மாடி மாடியாக எங்கள் பின்னாலேயே வந்தாள். நான் மட்டும் நிம்மதியாக உனக்கு இரண்டு கைப்பை, கம்பளிக் காலுறை, உன் அண்ணனுக்கு ஒரு சட்டை என்று வாங்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் இல்லாத நாலு நாளும் நம் தையல் கடையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டான், ஒருவர் துணியை இன்னொருவருக்குக் கொடுத்ததைத் தவிர எல்லாம் ஒழுங்காகவே செய்திருக்கிறான்.

இனி நீ கேட்ட கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் கோட்டுக் கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாய் இல்லையா, அதைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு மனசே சரியில்லை. தையற்காரன் மகள் கை மடித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று எத்தனை நாள் சொன்னார் தெரியுமா? அதனால் ரெடிமேடு வேண்டாம், அளவு கொடுத்துத் தைத்தே எடுத்துப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். துணிச் சந்தையின் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை, அதில் என் வயதில் ஒரு தையற்காரி, மணிக்கட்டில் பட்டை கட்டி அதில் குண்டூசி குத்தி வைத்திருந்தாள். தொங்கவிட்டிருந்த கோட்டை அப்பா வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தார், உச்சுக் கொட்டவில்லை. உனக்குப் பிடித்த கருநீலத்தில் நல்ல கம்பளித் துணியாக எடுத்தோம். அவள் ஒரு போனை நடுவில் வைத்தாள், யார் பேசினாலும் அது மற்றவர் பாஷையில் சொல்லும்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். தோள் பதினாலு, மார்பு முப்பத்திரண்டு, கை இருபத்தொன்றரை. அவள் எழுதிக்கொண்டே வந்து, இந்த அளவு எப்போது எடுத்தது என்று கேட்டாள். நீ விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் என்று அப்பா சொன்னார். அது எப்போது என்றாள். ஐந்து வருஷம் என்று நான்தான் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பிள்ளை அப்படியேதான் இருக்கிறாள் என்று அப்பா, இல்லை இளைத்திருக்கிறாள் என்று நான், அவள் முன்னாலேயே இரண்டு பேரும் கையை அகட்டிக் காட்டிச் சண்டை போட்டோம். கடைசியில்தான் எனக்கு உறைத்தது. வீடியோவில் உன் முகம் மட்டும்தானே தெரிகிறது, அந்தப் படத்திலும் தொளதொள கோட்டு உன்னை மறைத்துவிட்டது, கழுத்துக்குக் கீழே உன்னைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. அகட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், போனில் மெதுவாக ஏதோ சொன்னாள். அது சொன்னது, "ஆள் வரட்டும்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நம் கடையில் தினம் அவர் சொல்கிற வார்த்தை ஆயிற்றே அது. அக்காவுக்குத் தைக்க வேண்டும், பழைய சட்டை கொண்டு வந்திருக்கிறேன் என்று யார் வந்து நின்றாலும், ஆள் வரட்டும் என்று திருப்பி அனுப்புகிறவர். ட்ரையல் பார்க்காமல் பக்கத் தையல் போட்டதே கிடையாது. பெற்ற பெண்ணுக்கு மட்டும் பழைய அளவை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்கிறார், பக்கத்திலேயே உட்கார்ந்து கொக்கி தைக்கிற எனக்கும் அது தோன்றவில்லை பார்.

அப்புறம் அவள் டீ வரவழைத்தாள், மூன்று பேரும் குடித்தோம். உள்ளே நிறையத் துணி விட்டு வெட்டி, பக்கமும் கையும் பெரிய பெரிய தையலாக ஓட்டி மட்டும் தருகிறேன், மீதியை ஆள் வந்ததும் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் வெட்டட்டுமா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் தன் கத்தரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தையல் வேலை செய்கிறவர்கள் கத்தரியை அடுத்தவரிடம் கொடுக்க மாட்டார்கள், அப்பா கத்தரியால் பள்ளிக்கூட அட்டை வெட்டப் போய் நீயே அடி வாங்கியிருக்கிறாய். வெளியே வந்ததும், "கையெழுத்து மாதிரி இருந்துச்சு அவ தையல்" என்றார். அவர் வாயால் அடுத்தவர் தையலைப் புகழ்ந்து நான் கேட்டது அன்றுதான்.

பார்சலில் கைப்பை, காலுறை, உதட்டுக்குத் தடவுகிற களிம்பு, ஒரு டப்பா உலர்ந்த பழம் இருக்கிறது, பழத்தைப் பங்கு போடாதே, நீ சாப்பிடு. கோட்டைத் தேடாதே. அது இங்கே கடையில் தொங்குகிறது. நேற்றுகூட ஒரு வாடிக்கையாளர் விலைக்கு வருமா என்று கேட்டார், ட்ரையல் பாக்கி என்று அப்பா சொல்லிவிட்டார். ஊருக்கு எப்போது வருவாய் என்றால் மூன்று வருஷமாக அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்கிறாய், நான் ஒன்றும் சொன்னதில்லை, இப்போதும் சண்டைக்கு வரவில்லை. லீவு எழுதிக் கொடுப்பதை மட்டும் மறந்துவிடாதே.

நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நிறைவாக இருக்க வேண்டும் என்று உன்னை வாழ்த்தும்,

உன் அம்மா

அப்பாவிடம் ஒரு வரி எழுதச் சொன்னேன். புதுக் கத்தரி வாங்கிய சந்தோஷத்தில் இருக்கிறார், நீயே எழுது என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கோட்டுப் பக்கம் திரும்பாமலே சொன்னார், "ஆள் வரட்டும்."