முதுகுத்தண்டில் போட்ட ஊசியும் மிளகின் கடைசி இரண்டு நாளும்

அனுப்புநர்:
த. அன்னக்கொடி,
பூண்டு விவசாயி, மேல்மலை,
கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
திண்டுக்கல்.

பொருள்: வலி ஊசியின் பக்கவிளைவைச் சொல்லாமல் அனுப்பியதால் என் நாய் இறந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பூண்டுத் தோட்டத்தை ஆறு வருடம் காட்டுப்பன்றியிடமிருந்து காத்த நாய் மிளகு. காட்டுமாடு முட்டி அதன் பின்னங்கால் முறிந்தது. அடிவாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 24.02.2025 அன்று அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். (பெயரைத் தனித்தாளில் எழுதியுள்ளேன்.) வலி தெரியாமலிருக்க முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. நாய் முனகாமல் தூங்கியது.

2. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது குளிர் படாமல் வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கதகதப்பான இடம் பூண்டுக்குப் புகை போடும் அறைதான். அங்கே நனைத்தால் பூண்டு வீணாகும் என்பதால், அந்த அறையில் ஒன்றுக்குப் போகக் கூடாது என்று குட்டியிலேயே பழக்கியிருந்தோம். அதனால் அது சிறுநீர் கழிக்காததைப் பார்த்துச் சந்தேகப்படவில்லை ஐயா, பெருமைப்பட்டோம். என் கணவர் தண்டாயுதபாணி, "ஏலே, நல்ல புள்ளடா நீ" என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

3. 26ஆம் தேதி வெளியே தூக்கிப்போய் நிறுத்தியும் போகவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "கட்டுப் போட்ட காலோட நிக்கக் கூச்சப்படும்ங்க, தானா போயிரும்" என்று சொல்லி மருத்துவமனை ஊழியர் போனை வைத்துவிட்டார். மருத்துவரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை வயிறு கல்லாக இருந்தது. ஜீப்பில் மலை இறங்கும்போதே என் மடியில் உயிர் போய்விட்டது.

4. மூத்திரப்பை வெடித்துவிட்டது, அந்த ஊசியால் அபூர்வமாகச் சில நாய்களுக்கு இப்படி அடைத்துக்கொள்ளும் என்று உடலைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் சொன்னார். முதலிலேயே வந்திருந்தால் குழாய் விட்டு எடுத்திருக்கலாமாம். செத்த நாயை மேசையில் கிடத்திவிட்டுச் சொல்கிறார்! அபூர்வம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டமா? அவர்கள் கொடுத்த சீட்டில் மாத்திரை, கட்டு மாற்றும் நாள், மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் இருக்கிறது. சிறுநீர் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அது அடக்கிக்கொண்டிருக்கிறது என்று நாங்கள் மெச்சிய நேரமெல்லாம் அது செத்துக்கொண்டிருந்திருக்கிறது. என் கணவர் இன்றுவரை அந்த அறைக்குள் போகவில்லை.

5. ஆகவே அந்த மருத்துவமனையை விசாரிக்க வேண்டும். இந்த ஊசி போட்ட ஒவ்வொரு நாயோடும் தமிழில் ஒரு சீட்டு கொடுத்தனுப்ப உத்தரவிட வேண்டும். எழுத ஆளில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் நானே எழுதிவிட்டேன்:

"முதுகில் ஊசி போட்ட நாய் ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். அரை நாளாகியும் போகவில்லை என்றால் உடனே கொண்டு வாருங்கள். அது அடக்கிக்கொண்டிருக்கவில்லை."

தாங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

இடம்: மேல்மலை
நாள்: 10.03.2025

இப்படிக்கு,
மிளகை வளர்த்த
த. அன்னக்கொடி

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டு நகல், மருத்துவமனையின் பெயர் எழுதிய தாள்.