தனி அறை கேட்டு எழுதிய மனு

கோலார்
12-8-1966

அன்புள்ள அண்ணன் தம்மபாலனுக்கு, அம்மா பாப்பம்மா வாயால் சொல்ல, தங்கை யசோதா எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். ஆகையால் எல்லோரும் நலம் என்று மட்டும் எழுதி நிறுத்த முடியவில்லை. அப்பா முதல் ஷிப்டுக்குப் போய் வருகிறார், இருமல் குறைந்திருக்கிறது. அம்மாதான் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நீ சாப்பிடுகிறாயா என்பதை முதலில் கேட்கச் சொல்கிறாள்.

உன்னோடு வேலைநிறுத்தத்தில் பிடிபட்ட பர்னபாஸ் அண்ணன் போன வாரம் விடுதலையாகி, ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி நேராக நம் லைன் வீட்டுக்குத்தான் வந்தார். அம்மா டீ கொடுத்து, "எம்புள்ளைக்கு ரூம் எப்படிப்பா இருக்குது, காத்து வருதா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அது ரூம் இல்ல பெரிம்மா, கொட்டடி. சோத்துல புழு கெடக்குதுன்னு தட்டைத் திருப்பி வச்சான், கொண்டுபோய் அடைச்சிட்டாங்க. நான் வெளிய வந்த அன்னிக்கு இருபத்தாறு நாள். ஒரு மனுசன்கிட்ட பேசல" என்றார்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். வார்டில் நாற்பது பேர், தினமும் அடிதடி என்று நீ முன்பு எழுதியதைக் கேட்டு அம்மா பயந்துபோய், என் மகனுக்குத் தனி அறை கொடுக்க வேண்டும் என்று ஜெயில் அதிகாரிக்கு மனு எழுதச் சொன்னாள். நான்தான் எழுதினேன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற நமக்குத் தனி அறை என்றால் துரைகளுக்குக் கிடைப்பது என்றுதான் தெரியும். தனியாக வைத்திருக்கிறார்கள், கவலைப்படாதே என்று உன் கார்டு வந்த அன்று அம்மா லைன் முழுவதும் வீடு வீடாக வெல்லம் கொடுத்தாள். "அப்ப நானும் ஜெயிலுக்கே போறேன், காலை நீட்டியாவது படுப்பேன்" என்று எதிர்வீட்டு சகுந்தலா அக்கா கேலி பண்ணினாள். எல்லோரும் சிரித்தோம் அண்ணா, நானும் சிரித்தேன்.

இன்று அம்மாவும் நானும் கோலாருக்கு வந்து ஜெயகரன் வக்கீலைப் பார்த்தோம். அவர் சட்டப் புத்தகத்தை என் முன் வைத்து உரக்க வாசிக்கச் சொன்னார். தனிமைச் சிறை என்ற தண்டனையைக் கோர்ட்தான் விதிக்கலாம். ஜெயில் அதிகாரி குற்றத்துக்காகக் கொட்டடியில் அடைத்தாலும் தொடர்ச்சியாகப் பதினான்கு நாளுக்கு மேல் கூடாது, பிறகு அதற்குக் குறையாத நாட்கள் கழித்துத்தான் மறுபடி அடைக்கலாம். ஒரு நாளுக்கு மேல் அடைத்தால் தினமும் டாக்டரோ அவருடைய ஆளோ வந்து பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவன் எந்த நேரமும் அதிகாரியைக் கூப்பிட வழி இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் அம்மா, "அடியில மாட்டிக்கினவனுக்குப் பைப்பு இருக்கிற மாரியா" என்றாள். அப்பா பாறை சரிந்து சுரங்கத்தில் மாட்டிக்கொண்டபோது காற்றுக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்ததும், அந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தட்டியதும் உனக்கு நினைவிருக்கும். ஆமாம் அம்மா என்றேன். அப்போதுதான் அழுதாள்.

வக்கீல், "உங்க மனுவால அடைக்கல, அழாதீங்கம்மா. ஆனா கோர்ட்ல கேட்டா, தாயே தனியா வைக்கச் சொன்னாங்கன்னு அதைத்தான் எடுத்து நீட்டுவாங்க" என்றார். அதனால் அந்த மனுவைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மனு எழுதினேன், அம்மா ரேகை வைத்தாள். அது நாளைத் தபாலில் வருகிறது. நீயும் தனி அறை கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். அடைத்த தேதியை மறக்காதே, டாக்டர் வந்தால் அதைச் சொல். இதைப் படித்துப் பார்த்து அனுப்பும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம், சட்டத்தில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். "நீ கேக்காதே, சொன்னது நானு" என்கிறாள் அம்மா. தட்டைத் திருப்பாதே கண்ணு, புழுவை எடுத்துப் போட்டுவிட்டாவது சாப்பிடு என்றும் எழுதச் சொல்கிறாள். நீ உடம்பும் மனமும் கெடாமல் வந்து சேர வேண்டும், உன் பாயை எங்கள் நடுவில்தான் விரித்து வைக்கிறோம். பதில் ஒரு வரி போதும். அப்பா சொல்லி அனுப்பியது: "திருப்பித் தட்டுற சத்தம் கேக்கிற வரைக்கும் கையை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு."

இப்படிக்கு, ஆசீர்வாதத்துடன் உன் அம்மா பாப்பம்மா, இடது பெருவிரல் ரேகை.

ரேகை கொஞ்சம் கலைந்துவிட்டது. மறுபடி வைக்கலாம் என்றால் வக்கீலின் குமாஸ்தா கோவிந்தன் ஆபீஸ் லைட்டை அணைக்க எழுந்துவிட்டார்.