தொடர்பு எண்: தங்கையுடையது

மார்ச் 4, செவ்வாய்

இன்று மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், வேலைக்கு அனுப்ப எனக்கு பயோடேட்டா எழுதிக் கொடுத்தார். பயோடேட்டா என்று சொல்லக் கூடாதாம், பழைய பேச்சாம். ரெஸ்யூம் என்று சொல்ல வேண்டுமாம். இரண்டு பக்கம். படித்து முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் போல இருந்தது.

டெலிபோன் ஆபரேட்டர் என்ற வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை. 'வாய்ஸ் கம்யூனிகேஷன் எக்சிக்யூட்டிவ்' என்று இருக்கிறது. டயர் கம்பெனியில் பதினேழு வருஷம் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து தேய்ந்தேனே, அது 'நெருக்கடியான சூழல்களில் வாடிக்கையாளர் உறவுகளை முன்னின்று வளர்த்தவர்' ஆகியிருக்கிறது. யார் இந்த மகராசி? நேரில் பார்த்தால் நானே எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிடுவேன்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் தோட்டம், செஸ், நீச்சல். வேறு யாருடைய பைலிலிருந்தோ அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார். நீச்சலா என்று கேட்டேன். "அக்கா, யாரு தண்ணியில எறக்கிப் பாக்கப் போறாங்க?" என்றார். தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடர்பு எண் என்று தங்கையின் நம்பரைப் போட்டிருக்கிறார். என்னுடையது பட்டன் போன், அதில் வாட்ஸ்அப் வராது, இப்போதெல்லாம் எல்லோரும் அதில்தான் விவரம் அனுப்புகிறார்கள் என்றார். அதுவும் சரிதான். ஓர் ஆஸ்பத்திரி, இரண்டு ஓட்டல், ஒரு கல்லூரி என்று நாலு இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. வேலை கிடைக்கும் வரை இவர்கள் வீட்டு நடு அறைதான் எனக்கு. ஒரு மாதம் என்று சொல்லித்தான் வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

பழைய கம்பெனிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். சும்மாதான். என் இடத்தில் வைத்திருக்கும் மெஷின் பேசியது. விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும், சேவைக்கு இரண்டை அழுத்தவும் என்று ஒன்பது வரை போனது. ஒரு மனுஷியிடம் பேச வேண்டும் என்றால் எதை அழுத்துவது என்று கடைசி வரை சொல்லவில்லை. தேன் தடவிய குரல். கேட்கவே குமட்டியது.

நானே எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? நூற்று எண்பத்தாறு எக்ஸ்டென்ஷனும் பார்க்காமல் தெரியும். கத்துகிறவரைக் கத்த விட்டு, மூச்சு வாங்கும்போது பேசத் தெரியும். லைன் கொடுத்த பிறகு ஒரு விநாடிகூட ஒட்டுக் கேட்டதில்லை. இதையெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது? நீச்சலுக்குக் கட்டம் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றும் இல்லை. நாற்பத்து நாலு வயசு என்று போட்டதாலா? தலைப்பில் கொட்டை எழுத்தில் 'திருமணமாகாதவர்' என்று இருந்ததே, அதனாலா? தங்கையிடம் தினமும் ஏதாவது வந்ததா என்று கேட்கிறேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

தங்கையின் மாமியார் விழுந்து இடுப்பு உடைந்து ஒரு வருஷமாகப் படுக்கை. பகலில் ஓர் ஆயா வந்துகொண்டிருந்தாள். நான் வந்த மூன்றாம் நாளே அவளை நிறுத்திவிட்டார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது ராத்திரி கூப்பிட்டால் எழுந்து போவதும், மத்தியானம் மூன்று மணிக்கு முதுகு துடைத்துத் துணி மாற்றுவதும் என் வேலை. அதில் எனக்கு அருவருப்பு இல்லை. அந்த அம்மா பாவம், ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. வேலை கிடைச்சுதா என்று இந்த வீட்டில் கேட்கிற ஒரே ஆளும் அதுதான்.

அருவருப்பு மாப்பிள்ளையைப் பார்த்துத்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார். பெற்ற தாயின் அறை வாசலில் நின்று "சாப்டியாம்மா?" என்பதோடு சரி. வாசற்படியைத் தாண்டி ஒரு கால் உள்ளே வைத்து நான் பார்த்ததில்லை. இன்று என்னிடம் குழைந்து குழைந்து பேசினார். எதற்கு வேலை வேலை என்று அலைகிறீர்கள், இங்கேயே இருந்துவிடுங்கள், அம்மாவுக்கும் உங்கள் கை பழகிவிட்டது என்று.

உங்கள் கை எப்போது பழகும் என்று கேட்டிருக்க வேண்டும். சோறு போடுகிற வீடு.

மார்ச் 18, செவ்வாய்

எழுதிவிட வேண்டும்.

காலையில் கடைக்குப் போகிற வழியில் என் பட்டன் போனிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு நானே கூப்பிட்டேன். ஆள் எடுத்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்கலாம் என்று. எடுத்தது அங்கே இருக்கும் ஆபரேட்டர். இரண்டு வார்த்தை பேசியதுமே நானும் ஓர் ஆபரேட்டர், நம்ம ஆள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். பெயரைச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்று சொல்லி, வெளியே போகிற போன்களை எழுதி வைக்கிற ரிஜிஸ்டரைப் புரட்டினாள்.

"உங்களை மூணு தடவை கூப்பிட்டிருக்கோமே மேடம். ஏழாம் தேதி பதினொன்றரைக்கு, ஒரு சார் எடுத்தாரு, வீட்ல இல்லைன்னாரு. பதினொண்ணாம் தேதி ஒரு மணிக்கு, அதே சார், வெளியூர் போயிருக்காங்கன்னாரு. பதினாலு, மூணேகால். ஒரு அம்மா எடுத்தாங்க. அக்காவுக்கு இனிமே வேலை வேண்டாம்னு சொன்னாங்க."

அக்காவுக்கு.

அந்த ஆள் செய்ததுகூட எனக்குப் பெரிதில்லை. அவர் அப்படித்தான். ஆனா இவ? மூணேகால்னா நான் உள்ளதானே இருந்தேன்? அவ மாமியாருக்குத்தானே துடைச்சுக்கிட்டிருந்தேன்? ஒரு சுவர். ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் நின்னு என் குரல் மாதிரியே சாந்தமா பேசியிருக்கா.

வேலை இன்னும் காலிதானாம். வந்த இரண்டு பேரும் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பவே இல்லையாம். நாளைக்கே நேரில் வாருங்கள், ரெஸ்யூமை மத்தவங்க கையில கொடுக்காதீங்க என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல ஆபரேட்டர், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

கேட்டுவிட்டேன். அவர் வெளியே போயிருந்தார். தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினாலாம் தேதி மூணேகாலுக்கு யார் கூப்பிட்டது என்று கேட்டேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நான் முழுசா தூங்கினதில்லக்கா. நீ வந்து பத்து நாள்ல என் முதுகு வலி போயிடுச்சு. நீ போயிட்டா மறுபடியும் நான்தான்."

"அதுக்கு என் வயித்துல அடிப்பியா?"

"வேற யார் வயித்துல அடிக்க முடியும் என்னால?"

இப்படி ஒரு பதில். என்ன செய்வது இதை வைத்துக்கொண்டு? திட்டவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கழுவி வைத்தேன். ஏன் வைத்தேன்? என்னைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், இந்த நோட்டில்தானே சொல்ல முடியும். 'சார் சீட்ல இல்லைங்க.' பதினேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். சார் சீட்டில்தான் இருப்பார். அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேலையோ மருந்தோ எது போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மாப்பிள்ளை சொன்ன அதே 'இல்லை'. என்னுடையது இன்னும் கொஞ்சம் இனிமையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். சீ.

மார்ச் 19, புதன்

கோடு போட்ட தாளில் என் கையால் எழுதினேன். பெயர், படிப்பு, டயர் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் பதினேழு வருஷம், மெஷின் வைத்ததால் நின்றேன். பொழுதுபோக்கு இல்லை. போன் நம்பர் என்னுடையது. அரைப் பக்கம்கூட வரவில்லை. பார்க்கச் சுத்தமாக இருந்தது.

ஆள் எடுக்கும் அதிகாரி சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். அவர் மேஜையில் அந்த இரண்டு பக்கமும் கிடந்தது. என் தாளையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நீச்சல் தெரியும்னு போட்டிருக்கே?" என்றார். பொய்ங்க சார் என்றேன். செஸ்? அதுவும் பொய் என்றேன். அப்போ எதுதான் உண்மை என்று கேட்டார். போர்டுல உட்கார வைத்துப் பாருங்கள் என்றேன்.

உட்கார வைத்தார்கள். பதினைந்து நிமிஷம். எட்டு லைனும் ஒரே நேரத்தில் வந்தன. எனக்கு என் வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

எடுத்துக்கொண்டார்கள். என் நம்பருக்குத்தான் கூப்பிட்டார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

நாளை முதல் வேலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஊழியர் விடுதி, ஒரு கட்டில் கொடுக்கிறார்கள். பெட்டி கட்டினேன். மாப்பிள்ளை இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா கதி என்ன என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார். உங்கள் அம்மாதானே என்றேன். பதினேழு வருஷம் இனிமையாகப் பேசிய வாயிலிருந்து அது கரகரவென்று வந்தது.

கிழவியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அதுவே சொல்லிவிட்டது.

"போ, போய் உன் வேலையைப் பாரு. பெத்தது ஒண்ணு எனக்கும் இருக்குல்ல. அதுக்கும் ரெண்டு கை இருக்கு."

தங்கை தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள். மன்னித்துவிட்டேனா? இல்லை.

மார்ச் 29, சனி

சனிக்கிழமை என்றாலும் போர்டில் கூட்டம்தான். பதினொரு மணி இருக்கும், ஒரு லைன் எடுத்தேன், வணக்கம் சொன்னேன், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சத்தமில்லாத அழைப்புக்கு மூன்று தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும், அதுதான் முறை. மூன்றும் சொல்லிவிட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தங்கை.

அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் கிளம்பியதும் இவளும் மூன்று மணிக்குத் துடைக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளாம். காலையும் ராத்திரியும் நான், மத்தியானம் நீங்கள் என்று. ஐந்து நாள் வீட்டில் சண்டை. அந்த நேரமானால் இவள் எழுந்து மாடிக்குப் போய்விடுவாளாம். ஐந்து நாளும் அந்த அம்மா சாயங்காலம் வரை ஈரத்தோடு கிடந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது.

"நேத்து அவரே உள்ள போயிட்டாருக்கா. துணி மாத்தினாரு. பாதியிலயே வெளிய ஓடி வந்து வாந்தி எடுத்தாரு. வாயைத் துடைச்சுட்டுத் திரும்ப உள்ள போனாரு."

இன்னும் இரண்டு லைன் காத்திருந்தன. வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மூக்குல ஒரு துணியைக் கட்டிக்கச் சொல்லு," என்றேன். "ஒரு வாரத்துல பழகிடும்."